இரண்டு கூலி, இரண்டு பிள்ளை

கணவன் மனைவி இருவரும் எங்கே, என்ன கூலிக்குப் போகிறார்கள் என்பதும், அந்த வீட்டில் எத்தனை பிள்ளை பிறக்கிறது என்பதும் ஒன்றோடொன்று பின்னிய விஷயங்கள். ‘பெண் வேலைக்குப் போகத் தொடங்கினாள், பிள்ளைப்பேறு குறைந்தது’ என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியில் அந்த வரி செல்லாது. அங்கே பெண் வேலைக்குப் போகாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஐந்தாறு பிள்ளை பெற்ற தலைமுறையும் களை வெட்டியது. இரண்டோடு நிறுத்திய தலைமுறையும் களை வெட்டுகிறது. மாறியது, வீட்டு வரவு செலவில் பிள்ளை உட்கார்ந்திருந்த இடம். வரவுப் பக்கத்தில் இருந்த பிள்ளை செலவுப் பக்கத்துக்கு நகர்ந்தபோதுதான் தாயின் கூலிக்கு வேறொரு கனம் வந்தது.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை மக்கள்தொகை அறிஞர்கள் மொத்தக் கருவள விகிதம் என்பார்கள். தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் இது ஏறக்குறைய 4. 1990களின் தொடக்கத்தில் 2.1 அளவுக்கு இறங்கிவிட்டது. மக்கள்தொகை பெருகாமலும் குறையாமலும் நிற்பதற்கான அளவு அது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து அதைத் தொட்டது தமிழ்நாடுதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு 1.8 என்றது; 2020க்கான மாதிரிப் பதிவுக் கணக்கு 1.4 என்றது. இரண்டுக்கும் இடைவெளி இருந்தாலும், இரண்டுமே இரண்டுக்குக் கீழ். கேரளத்தில் இந்தச் சரிவுக்குப் பெண்கல்வியைக் காரணம் காட்டுவது எளிது. தமிழ்நாட்டிலோ பள்ளிக்கூட வாசலை மிதிக்காத காட்டுவேலைப் பெண்களிடையேயும் பிள்ளைப்பேறு வேகமாகக் குறைந்தது. அதை விளக்கப் படிப்பு மட்டும் போதாது, பிழைப்பையும் பார்க்கவேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கிறது குளத்தூர். பெயரில்தான் குளம், பிழைப்பெல்லாம் மானாவாரி. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருவது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் மகசூல். கம்பும் சோளமும் பருத்தியும் முன்பு. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் இப்போது. மிளகாயும் மல்லியும் எப்போதும். உழவும் வண்டிபாரமும் ஆண் வேலை. களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் பறிப்பு எல்லாம் பெண் வேலை. பங்குனிக்கு மேல் காட்டில் வேலை கிடையாது. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, கடலோரத்து உப்பளங்களுக்குப் போவது, பனை ஏறுவது, இல்லாவிட்டால் வெளியூர். மழை பொய்த்த வருஷத்தில் அந்த வெளியூர் ஐப்பசியிலேயே வந்துவிடும். ஒற்றைச் சம்பாத்தியத்தில் ஓடும் வீடு இந்த மண்ணில் வசதிக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்தது. மருமகளைக் காட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பது கௌரவமாக எண்ணப்பட்டதற்கும் அதுதான் காரணம்.

இருவர் கூலியும் இல்லாமல் அடுப்பெரியாது என்றால், அந்த வீட்டில் ஐந்து பிள்ளை எப்படி வளர்ந்தது? விடை காட்டு ஓரத்து வேப்பமரத்தில் தொங்கிய தூளியில் இருக்கிறது. களை வெட்டும் வேலை, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது. நிரையின் முனைக்கு வந்ததும் பால் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். தூளியை ஆட்டப் பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று நிற்கும். தலைச்சன் பெண்ணாகப் பிறந்தால் அடுத்தடுத்த தம்பி தங்கைகளுக்கு அவளே பாதித் தாய். தாயின் கூலி கெடாமல் காத்தது அவள் உழைப்புதான். எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை. ஆண்பிள்ளை ஆடு பத்தினான். பருத்தி வெடித்தால் இரண்டுபேரும் மடியைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை தன் சோற்றுக்கான வேலையைச் செய்துவிடும் என்றால், இன்னொரு பிள்ளை பாரம் என்று யாருக்கும் தோன்றாது.

பஞ்சாப் கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஏன் எடுபடவில்லை என்று ஆராய்ந்த மகமூத் மம்தானி 1972இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் இதுவே: ஏழைகள் அறியாமையால் நிறையப் பெறவில்லை; பிள்ளைகளே அவர்களுக்குக் கைகள் என்பதால் பெற்றார்கள். ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல் 1976இல் இதைப் பொது விதியாகவே ஆக்கினார். குடும்பத்துக்குள் செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோரை நோக்கிப் பாயும்வரை பிறப்பு குறையாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை நோக்கித் திரும்பினால் குறையும். விதி நேர்த்தியானதுதான். ஆனால் குழந்தைச் சாவு என்கிற முரட்டுக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. முதுமையில் கஞ்சி ஊற்ற ஒருவன் மிஞ்ச வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஆணாவது வேண்டும் என்பது அன்றைய நிலவரத்தில் சரியான கணக்கு. 2020இல் அந்த எண் 13. பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே இரண்டோடு நிறுத்துகிற துணிச்சல் வந்தது.

கரிசலில் பிள்ளையின் உழைப்பு காட்டோடு நிற்கவில்லை என்பதே இந்தப் பகுதியின் தனிக்கதை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மறு வருஷம் தொழிலைத் தொடங்கினார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அது பரவியதற்குக் காரணம் இரண்டு: ஈரமில்லாத காற்று, வேலையில்லாத கைகள். ஊர்ப்பேச்சில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான். குச்சியைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுகிற கட்டை அடுக்கும் வேலை, பெட்டி ஒட்டும் வேலை, குச்சிகளைப் பெட்டியில் அடைக்கும் வேலை எல்லாம் எண்ணிக்கைக்குக் கூலி. விரல் வேகம்தான் முதல். அந்த வேகம் சின்ன விரல்களுக்கு அதிகம் என்று சொல்லப்பட்டது. கூலி குறைவு என்பது சொல்லப்படாதது. விடிவதற்கு வெகுமுன்பே ஆபீஸ் பஸ் சுற்றுக் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். பிள்ளையின் உழைப்பைப் பிணையாக வைத்துப் பெற்றோர் முன்பணம் வாங்கியதும் உண்டு. 1976இல் ஹர்பன்ஸ் சிங் குழு இந்தத் தொழிலில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அறிக்கை கொடுத்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளைகளில் பெண்களே அதிகம்.

பிள்ளைக்கூலி மலிவு என்பது முதலாளி பக்கத்துக் கணக்கு. வீட்டுப் பக்கத்தில் அதன் மதிப்பு வேறு. மழையைப் பார்க்காத, வாரம் தவறாத ஒரே வரவு அது. காடு காய்ந்து தகப்பனின் கை சும்மா இருந்த மாதங்களில் பத்து வயது மகளின் சனிக்கிழமைக் கூலியில் ரேஷன் அரிசி வாங்கிய வீடுகள் இருந்தன. சம்பாத்திய ஏற்பாடு தலைகீழானது. தகப்பன் திண்ணையில், மகள் ஆபீஸில். கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படம் தீப்பெட்டி ஆபீஸை நம்பிய ஒரு கரிசல் குடும்பத்தை மையமாகக் கொண்டது. எந்த அறிக்கையையும்விட இந்தத் தலைகீழ் நிலையை அது நெருங்கிச் சொன்னது. மகளின் கூலி கல்யாணம்வரை வந்துகொண்டிருக்கும், கல்யாணத்தோடு நின்றுவிடும். ஆகவே அவளுக்குப் பின் இன்னொருத்தி இருப்பது வீட்டுக்கு வசதி. பெண்பிள்ளை பாரம் என்று பேசப்பட்ட ஒரு நாட்டில், பெண்பிள்ளையால் ஓடிய வீடுகள் இவை. பாரம் என்ற பேச்சு அதனால் ஓயவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு, வெடிமருந்துத் தயாரிப்பில் 14 வயதுக்குக் குறைந்தவர்களைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தினர் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. விளைவை ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை: பெட்டி ஒட்டும் வேலை ஆபீஸிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தந்த தீர்ப்பு இந்த முடிச்சின் நுனியைப் பிடித்தது. சிவகாசியை முன்வைத்து எழுந்த அந்த வழக்கில், ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றதோடு, அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை தரவேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. பிள்ளையை வேலையிலிருந்து எடுப்பது ஒரு வீட்டின் சம்பாத்திய ஏற்பாட்டையே மாற்றுவது என்பதைச் சட்டமொழியில் ஒப்புக்கொண்ட இடம் அது. அந்தத் தொகைகள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. நடைமுறையில் மகளின் இடத்துக்கு வந்தவள் தாய். 1990களுக்குப் பின் தீப்பெட்டி ஆபீஸ்களில் மிகுதியாகக் காணப்படுபவர்கள் கல்யாணமான பெண்கள்.

இதற்கு வெகுமுன்பே பள்ளிக்கூடம் தன் பக்கத்திலிருந்து இழுக்கத் தொடங்கியிருந்தது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த எட்டயபுரம், கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் இடைப்பட்ட ஊர். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். இலவச உணவு பிள்ளை வளர்க்கும் செலவைக் குறைக்கிறது. அப்படியானால் பிள்ளைப்பேறு கூடத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நடந்தது வேறு. ஒருவேளைச் சோறு பிள்ளையைப் பகல் முழுவதும் பள்ளியில் உட்காரவைத்தது. ஆடு பத்தவும் தூளி ஆட்டவும் ஆள் இல்லாமல் போனது. படித்த பிள்ளைக்கு மேற்படிப்பு, அதற்குப் பஸ், நோட்டு, துணி. பிள்ளையால் வந்த வரவு நின்றதும் பிள்ளைக்கான செலவு ஏறியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன.

அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வருமானம் உயரும்போது பெற்றோர் அதிகப் பிள்ளைகளை விரும்புவதைவிட, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிகம் செலவிடுவதை விரும்புகிறார்கள் என்றார். பிள்ளையைப் பண்டம்போல் பேசுகிறாரே என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஊர் முக்கில் காலை எட்டு மணிக்கு வந்து நிற்கும் மஞ்சள் வேனைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். இரண்டு பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த காட்டுவேலைக்காரக் குடும்பம் மூன்றாவதை நினைத்துப் பார்ப்பதில்லை. மகளிர் குழுக் கடனும் சீட்டுப்பணமும் ஜூன் மாதம் எங்கே போகின்றன என்று கேட்டால் பதில் பள்ளிக் கட்டணம்.

பிள்ளையின் கூலி போன பிறகு தாயின் கூலியே இரண்டாவது வருமானம். இங்கேதான் எந்த வேலை என்பது முக்கியமாகிறது. காட்டுவேலையும் பெட்டி ஒட்டுவதும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை. ஆனால் கூலி குறைவு. மில் வேலையும் உப்பளமும் பிள்ளையைச் சேர்க்காதவை. உப்பளத்தில் விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பை வாரிச் சுமக்கவேண்டும். அந்தச் சூட்டில், உப்புநீரில் தூளி கட்ட இடம் ஏது? மில்லில் ஷிப்ட். கோவில்பட்டியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நூற்பாலை வந்துவிட்டது. இந்தப் பகுதிக்கு ஷிப்ட் புதிதல்ல. பின்னால் கொங்குப் பக்கத்து நூற்பாலைகள் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்துப் போய், முடிவில் மொத்தமாக ஒரு தொகை தரும் ‘சுமங்கலித் திட்டம்’ பரவியது. விடுதியில் அடைத்து வைப்பது, நேரங்கெட்ட வேலை, பேசிய தொகையைக் குறைப்பது என்று அதன் மேல் வந்த புகார்கள் ஏராளம். பிள்ளைப்பேற்றுக் கணக்கில் அதற்கு ஒரு தனி இடம் உண்டு. தன் நகைக்குத் தானே சம்பாதிக்கும் பெண்ணின் கல்யாணம் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த மில் அவளை வேண்டுவதில்லை. அவளாலும் போக முடிவதில்லை.

பிள்ளைக்கும் கூலிக்கும் நடுவே பாலம் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த நிறுவனத்திலும் வேண்டும் என்றது 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம். சின்னச் சின்ன ஆபீஸ்களாகப் பிரிந்து கிடக்கும் தொழிலில் இந்த எண்கள் எட்டுவது அபூர்வம். எட்டினாலும் எட்டாததுபோல் பதிவேடு எழுதுவது அபூர்வமல்ல. பால்வாடிக்குப் போக இரண்டு வயது முடியவேண்டும். அதுவும் பிற்பகலில் விட்டுவிடும், ஆபீஸ் சாயங்காலம்தான் விடும். நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: வேலையிடத்தில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஐந்துபேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தரவேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் பெண்கள் என்பதை வைத்துப் பார்த்தால், வீட்டுக்குப் பக்கத்தில், ஆணுக்குச் சமமான கூலியில், நேரத்துக்கு முடியும் வேலை கிடைத்தால் அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது விளங்கும்.

கரிசல் பெண் பிள்ளைப்பேற்றையும் கூலியையும் இணைத்துக்கொண்ட விதம் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் வேறுபடுகிறது. அங்கே வேலைக்குப் போகும் பெண் முதல் பிள்ளையைத் தள்ளிப்போடுகிறாள். முப்பது வயதுக்கு மேல் ஒன்று, அதோடு நிற்கலாம், இல்லாமலும் போகலாம். இங்கே வேலைக்குப் போகும் பெண் முதல் பிள்ளையைத் தள்ளிப்போடுவதில்லை. கடைசிப் பிள்ளையை முந்திக்கொள்கிறாள். இருபது, இருபத்தொன்றில் கல்யாணம், மறு வருஷமே தலைச்சன், இரண்டு மூன்று வருஷத்தில் அடுத்தது, அந்தப் பிரசவத்தோடு ஆஸ்பத்திரியிலேயே ‘ஆபரேஷன்’. இருபத்தைந்து, இருபத்தாறுக்குள் அத்தியாயம் முடிந்துவிடும். சின்னது பால்வாடிக்குப் போனதும் அவள் ஆபீஸுக்கோ காட்டுக்கோ திரும்புகிறாள். அதற்குப் பிறகு ஐம்பது, அறுபது வயதுவரை அவள் கூலியில் பிரசவத்தால் இடைவெளி விழாது. மாத்திரை, காப்பர் டி என்று இடைவெளி விடும் முறைகள் அவ்வளவாக எடுபடாமல் போனதற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகப் படவில்லை. கூலிக்காரிக்கு வேண்டியது இடைவெளி இல்லை, முடிவு.

அரசும் அவளுக்கு அந்த முடிவையே நீட்டியது. கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தை இந்தியாவில் முன்னெடுத்தது 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம்; அதன் பின்னணியில் இருந்தவர், 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரும் பின்னாளில் தலைமைச் செயலாளருமான ஆர்.ஏ. கோபாலசாமி. தொடக்கத்தில் கத்தி ஆண்கள் பக்கம் இருந்தது. நெருக்கடி நிலையின் கெடுபிடிக்குப் பிறகு ஆண்கள் விலகிக்கொள்ள, பாரம் முழுவதும் பெண்கள் மேல் வந்தது. 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்கள் நூறில் ஏறக்குறைய 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவு. ‘அவர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பாரம் தூக்க முடியாது’ என்பது வீடுகளில் சொல்லப்படும் காரணம். மருத்துவத்தில் இதற்கு ஆதாரம் இல்லை, ஆணுக்கான அறுவைதான் சிறியது. அவருடைய கூலி உடைந்துவிடக் கூடாது, தன்னுடைய கூலி இரண்டு வாரம் உடைந்தாலும் பரவாயில்லை என்று மனைவியே சொல்லும்போது, எந்தக் கூலி முதல், எது துணை என்ற வீட்டு வரிசை வெளிப்படுகிறது. இத்தனைக்கும் பல வீடுகளில் வாரந்தவறாத கூலி அவளுடையதுதான்.

கூலி வாங்குவதும் கூலியை வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. இலங்கை மலையகத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தமிழ்ப் பெண்கள் பேருக்குப் பேர் பதிந்து கொழுந்து பறித்தவர்கள். பிள்ளைகளை விடத் தோட்டத்திலேயே பிள்ளை மடுவம் இருந்தது. ஆனாலும் மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அப்படிப்பட்ட சம்பாத்தியம் பிள்ளை எத்தனை என்ற பேச்சில் பெண்ணுக்குக் குரல் தருவதில்லை. கரிசலில் ஓரளவு வேறு மாதிரி. தீப்பெட்டி ஆபீஸ் கூலி பெண் கையிலேயே வருகிறது. குழுக் கடன் அவள் பெயரில். 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்றது, நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. சொத்துப் பங்கு காகிதத்தில் நின்ற அளவுக்குக் கையில் வரவில்லை. ஆனாலும் ‘ரெண்டு போதும்’ என்று மாமியாரிடம் சொல்ல, சனிக்கிழமைதோறும் வந்த கூலிக்கவர் சில பெண்களுக்கு உதவியிருக்கிறது. இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் மட்டும் அந்தக் குரல் இன்றும் சற்றுத் தணிந்தே ஒலிக்கிறது.

உதவித் திட்டங்களும் இரண்டு என்ற எண்ணையே சுற்றி வருகின்றன. 1987இல் 300 ரூபாயில் தொடங்கி இப்போது 18,000 ரூபாயாக இருக்கும் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவத்துக்கு. ஆறு மாதச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு முதல் இரண்டுக்கு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷ விடுப்பு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு இவற்றில் முதலாவது மட்டுமே பொருந்தும். விடுப்பு என்ற சொல் மாதச் சம்பளம் உள்ளவர்களுடையது. மற்றவர்கள் பிரசவத்துக்கு முந்தின நாள்வரை பெட்டி ஒட்டுவார்கள்.

மாதச் சம்பளக்காரர்கள் கரிசலிலும் பெருகிவிட்டார்கள். கணவன் தூத்துக்குடி துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ, மனைவி பள்ளியிலோ வங்கியிலோ என்று அமைந்த வீடுகள் ஐரோப்பிய வழிக்கு நெருங்கி வருகின்றன. படிப்பு, தேர்வு, வேலை, பிறகு கல்யாணம். முதல் பிள்ளை முப்பதை ஒட்டி. ஒன்று போதும் என்ற பேச்சு இவர்களிடையே சகஜம். மனைவியின் சம்பளம் உயர உயர, பிள்ளைக்காக அவள் வேலையை விடுவதில் இழக்கும் தொகையும் உயர்கிறது. பெண்களின் உழைப்பு வரலாற்றை ஆராய்ந்து 2023இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியதுபோல, ஆண் பெண் சம்பள வித்தியாசத்தின் பெரும்பகுதி முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. வீட்டுவேலை பகிரப்படாத நாடுகளில் இந்தச் சுமை பிள்ளைப்பேற்றையே விழுங்குகிறது. 2023இல் தென்கொரியாவின் கருவள விகிதம் 0.72. 1974இலேயே தகப்பனுக்கும் சேர்த்துப் பெற்றோர் விடுப்பு அளித்த சுவீடனில், வேலைக்குப் போகும் பெண்கள் அதிகம் இருந்தும் அவ்வளவு சரிவு இல்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் சம்பளம் வாங்கும் தமிழ்த் தம்பதியர் சுவீடனைவிடக் கொரியாவின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், மக்கள்தொகையைப் பொறுத்து நடக்கும் தொகுதி மறுவரையறையை முன்னிட்டு, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று எண்ணத் தோன்றுகிறது என்றார். அரங்கம் சிரித்தது. பதினாறு பேறு என்று வாழ்த்தியவர்கள் பிள்ளையைச் சொல்லவில்லை, செல்வங்களைச் சொன்னார்கள் என்பது தெரிந்த சங்கதி.

சம்பளக்காரியானாலும் கூலிக்காரியானாலும் இரண்டாவது பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும்போது எழும் முதல் கேள்வி, ‘யார் பார்த்துக்குவா?’ முன்பு தூளி ஆட்டிய அக்கா இப்போது பள்ளிக்கூடத்தில். காப்பகம் இல்லை, பால்வாடி போதாது. மிஞ்சுவது பாட்டி. அந்தப் பாட்டியின் வயதைக் கணக்குப் பார்த்தால் சிக்கல் தெரியும். இருபத்தைந்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பிய பெண், நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கில் பாட்டியாகிறாள். அந்த வயதில் அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பவள் இல்லை. காட்டில் களைக்கும், தீப்பெட்டி ஆபீஸில் கட்டைக்கும் போகும் கூட்டத்தில் பாதி அவள் வயதுக்காரிகள். மகள் வேலைக்குப் போக அவள் நிற்க வேண்டும். அவள் போக மகள் நிற்க வேண்டும். மகளின் சம்பளம் எட்டாயிரம், தாயின் கூலி வாரம் ஆயிரத்து ஐநூறு என்று இருக்கும் வீட்டில் வித்தியாசம் மாதம் இரண்டாயிரம்தான், அதில் பஸ்ஸும் மதியச் சாப்பாடும் போகும். தாய் நின்றுகொண்டால் அவளுடைய சீட்டும் குழுத் தவணையும் யார் கட்டுவது என்று பேச்சு வரும். மகளின் இரண்டாவது பிள்ளை எந்த வருஷம் என்பது பல வீடுகளில் அந்தத் தவணை முடிகிற மாதத்தைப் பார்த்தே தீர்மானமாகிறது.